பேய்ப் படத்தின் தரம்: எதைக் கொண்டு அளப்பது?

(கீழ் கோத்தகிரியில் நிகழ்த்தப்பட்ட அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

பண்டிதர் நினைவுச் சொற்பொழிவில் பேய்ப் படம், மாயாஜாலப் படம், அறிவியல் புனைவுப் படம் ஆகியவற்றின் தரத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும், அமைப்பின் மூத்த தோழர் ஒருவர், "வீட்டுமனைப் பட்டா இருக்கு, கூலி இருக்கு, அதையெல்லாம் விட்டுட்டுப் பேயா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பட்டாவுக்கும் பேய்க்கும் இருக்கும் தொடர்புக்கு நான் பிறகு வருகிறேன், அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பண்டிதர் இந்த மலைக்கு வெளியாள் இல்லை. அவருடைய இளமை நீலகிரியில் கழிந்தது. 1876இல் அத்வைதானந்த சபையை இந்த மலையில்தான் தொடங்கினார். 1891 டிசம்பரில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டை உதகையில் கூட்டினார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கியபின் வாரா வாரம் அவர் செய்த வேலைகளில் ஒன்று, ஊரே நம்பிக்கொண்டிருக்கும் கதையை எடுத்து வைத்து, இதை யார் சொன்னது, யாருடைய லாபத்துக்குச் சொன்னது என்று கேட்பது. பண்டிகையைக் கேட்டார், அம்மனைக் கேட்டார், அசுரனைக் கேட்டார். அவருடைய விடைகளில் சிலவற்றை இன்றைக்கு நாம் ஏற்காமல் போகலாம். கேள்வி பழசாகவில்லை. இன்றைக்கு ஊரே நம்பும் கதைகள் சினிமாக் கொட்டகையிலும் கைபேசியிலும் இருக்கின்றன. அந்தக் கேள்வியை அங்கே கொண்டுபோகத்தான் இந்தப் பேச்சு.

இன்று காலை மாணவர்கள் எடுத்த குறும்படங்களைத் திரையிட்டோம். ஐந்தில் மூன்று பேய்ப் படங்கள். கைபேசியில் எடுத்தவை, செலவு அநேகமாக டீக்கும் பன்னுக்கும் ஆனதுதான். பார்த்து முடித்ததும் கூட்டத்தில் வந்த கருத்துகளைக் குறித்துவைத்தேன். "கிராஃபிக்ஸ் பத்தல." "லாஜிக் இடிக்குது." "பயமே வரல." தமிழ்நாட்டில் எந்தக் கொட்டகை வாசலில் நின்று கேட்டாலும் இந்த மூன்று முழக்கோல்தான். இவற்றை அப்படியே தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஆனால் இவற்றால் எதை அளக்கிறோம் என்று பார்த்துவிடுவோம்.

கிராஃபிக்ஸிலிருந்து தொடங்கலாம். 2010இல் வந்த 'எந்திரன்' சிறப்புக் காட்சி அமைப்புக்கும் கலை இயக்கத்துக்கும் தேசிய விருது வாங்கியது. அந்த வேலையில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 1963இல் 'கலை அரசி'யில் வேற்றுக்கிரகத்துக்காரர்கள் பாட்டுக்காரியைத் தூக்கிப்போக வந்தார்களே, அங்கிருந்து பார்த்தால் நெடுந்தூரம் வந்திருக்கிறோம். ஆனால் எந்திரனில் ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். குடியிருப்பில் தீப்பிடிக்கிறது. எந்திரன் உள்ளே போய் ஒவ்வொருவராகத் தூக்கிவந்து காப்பாற்றுகிறது. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை, துணியில்லாமல், அத்தனை பேர் முன்னாலும் கேமரா முன்னாலும் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவள் வெட்கம் தாளாமல் ஓடி, வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். இந்தச் சாவு படத்தில் எதற்குப் பயன்படுகிறது? எந்திரத்துக்கு மனித உணர்ச்சி தெரியாது என்று நிரூபிக்கப் பயன்படுகிறது. அடுத்து விஞ்ஞானி அதற்கு உணர்ச்சி கற்றுக்கொடுக்கிறார், அது காதலிக்கிறது, பாட்டு வருகிறது. அந்தப் பெண்ணை அதற்குப் பிறகு யாரும் நினைக்கவில்லை. கற்றுக்கொண்ட அத்தனை உணர்ச்சியோடும் அந்த எந்திரமேகூட நினைக்கவில்லை.

இதை நான் அரசியல் குறையாக மட்டும் சொல்லவில்லை. இது திரைக்கதையின் குறை. உணர்ச்சி வந்த ஓர் எந்திரம் முதலில் நினைக்க வேண்டியது தன்னால் செத்தவளைத்தானே? நூறு எந்திரங்களை ஒன்றாக அடுக்கிப் பாம்பாகவும் பந்தாகவும் உருட்டிக் காட்ட முடிந்த படத்துக்கு, ஏழைப் பெண்ணின் சாவை ஒரு நிமிடம் நினைத்துப்பார்க்க முடியவில்லை. லாஜிக் இடிக்கிறது என்று சொன்னீர்களே, இங்கேதான் பெரிதாக இடிக்கிறது. கொட்டகையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஏனென்றால் இப்படிப்பட்டவர்கள் சோதனைப் பொருளாகச் செத்துப்போவது நமக்குப் பழகியிருக்கிறது.

பணம் குறைவாக உள்ள இடத்தில் என்ன செய்ய முடியும் என்று மாணவர்கள் கேட்பார்கள். 2009இல் அறிவழகன் எடுத்த 'ஈரம்' பார்த்திருப்பீர்கள். அதில் பேய் தண்ணீரில் வரும். தண்ணீர் இருக்கும் இடத்தில்தான் வரும். கொலை நடந்ததும் தண்ணீரில்தான். கொட்டும் மழை, சொட்டும் குழாய், குடை, ஈரத் தரை: நம் வீட்டில் இல்லாத பொருள் எது இதில்? 2014இல் மிஷ்கினின் 'பிசாசு'. சாலையில் அடிபட்டுக் கிடந்த பெண் தன் கையைப் பிடித்தவனோடு அவன் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவனின் கண், கதை முழுவதையும் முடிச்சுப்போட்டு வைத்திருக்கிறது. இந்த இரண்டு படத்திலும் பேய்க்கு ஒரு சட்டம் இருக்கிறது. அது எங்கே வரும், எதைத் தொடும், எதைத் தொட முடியாது என்பது முதலிலேயே முடிவாகிவிட்டது. இயக்குநர் தன் வசதிக்காக அந்தச் சட்டத்தை மாற்றவில்லை. பேயும் மாயமும் வரும் கதைகளில் நான் முதலில் பார்க்கும் தரம் இதுதான். நடக்க முடியாதது நடக்கலாம், ஆனால் அதற்கும் ஒரு வரம்பு வேண்டும். 'லாஜிக்' என்று நீங்கள் சொல்வது அறிவியல் உண்மையை என்றால் பேய்ப் படமே எடுக்க முடியாது. கதை தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டத்தை என்றால், சரி.

இனி மூன்றாவது முழக்கோல், பயம். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

காலையில் போட்ட இரண்டாவது குறும்படத்தில் ஒரு கிழவர் வருகிறார். கறுப்புக் கம்பளி, சடை பிடித்த முடி, கையில் எலும்பு மாலை. சோலைக்குள்ளிருந்து வருகிறார், வந்ததும் பின்னணியில் பறை அடிக்கிறது. அவர் மந்திரம் போட்டதால் தோட்டத்து அதிகாரியின் மகள் காய்ச்சலில் விழுகிறாள். கூட்டத்தில் அந்த இடத்தில்தான் பயந்தார்கள், நானும் கவனித்தேன். எடுத்தவர்கள் லைன் வீட்டுப் பிள்ளைகள், நம் பிள்ளைகள். அந்தப் பயத்தை அவர்கள் தயாரிக்கவில்லை. கடையில் வாங்கியிருக்கிறார்கள்.

இந்தக் கடைச்சரக்கு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம் சொல்கிறேன். 1993இல் மலையாளத்தில் 'மணிச்சித்ரத்தாழ்' வந்தது. அந்தத் தறவாட்டில் ஆவியாக அலைவதாக நம்பப்படும் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, தமிழ் பேசுகிறாள். 2005இல் அதே கதை தமிழில் 'சந்திரமுகி' ஆனது. இங்கே அவள் ஆந்திராவிலிருந்து வந்தவள், தெலுங்கில் பாடுகிறாள். மலையாளிக்குப் பேய் தமிழ் பேசுகிறது, தமிழனுக்குப் பேய் தெலுங்கு பேசுகிறது. நம் படங்களில் மந்திரவாதி எங்கிருந்து வருவான்? மலையாள தேசத்திலிருந்து. எங்கள் சமூகவியல் வகுப்பில் 'பிறர்' என்ற கருத்தை விளக்க ஒரு வாரம் ஆகும், சினிமாக்காரர்கள் ஒரே பாட்டில் முடித்துவிடுகிறார்கள். எந்த மொழியானாலும் அவள் நடனக்காரி என்பது மட்டும் மாறுவதில்லை. அரண்மனைக்காரன் விலைகொடுத்துக் கொண்டுவந்து, பூட்டிவைத்து, கொன்ற பெண். கடைசியில் யாருக்குச் சிகிச்சை நடக்கிறது, எந்த வீடு நலமாகிறது என்று பாருங்கள்.

வேடிக்கை இதோடு முடிகிறது. நம் மலைக்கு வருவோம். நீலகிரியில் குறும்பர்களுக்கு மந்திரம் தெரியும் என்ற நம்பிக்கை பழையது. விதைப்புச் சடங்குக்குக் குறும்பர் வேண்டும், கால்நடை செத்தாலும் குழந்தைக்கு நோய் வந்தாலும் குற்றவாளி குறும்பர். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளைப் புரட்டினால், 1835இல் 48 குறும்பர்கள் கொல்லப்பட்டதைப் பார்க்கலாம். 1900இல் ஒரு குடும்பமே கொல்லப்பட்டது. அந்தக் குடும்பத்தின் பெரியவர் வைத்தியம் தெரிந்தவர், ஊருக்கு நோயைக் கொண்டுவந்தவர் அவர்தான் என்று நம்பிவிட்டார்கள். இது நடந்தது நாம் உட்கார்ந்திருக்கும் இந்த மலைகளில். இங்கிருந்து சரிவில் இறங்கினால் இருளர், குறும்பர் ஊர்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளும் இன்றைக்கு இந்த அரங்கில் இருக்கிறார்கள். சோலையிலிருந்து கம்பளியோடு வருபவர் மந்திரவாதி என்பது ஒரு காட்சிக்கான யோசனையாக நமக்குத் தெரிகிறது. அவர்களுக்கு அது ஒரு குற்றச்சாட்டு. அதற்குத் தண்டனையும் ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருக்கிறது.

பறைச் சத்தமும் இதே வகை. சுடுகாட்டுத் தொழிலாளியைக் குடிகாரனாகவும் கோமாளியாகவும் சில நேரம் பிணந்தின்னியாகவும் காட்டுவதும் இதே வகை. பிணத்தைத் தொடுகிறவர் பயங்கரமானவர் என்று சொல்லித்தர ஆயிரம் ஆண்டு சாதி வேலை செய்திருக்கிறது, இயக்குநர் அந்த உழைப்பை இலவசமாக எடுத்துக்கொள்கிறார். நான் இதைச் சோம்பல் என்கிறேன். 'ஈரம்' தண்ணீரைப் பார்த்துப் பயப்படவைக்கத் திரைக்கதை முழுக்க உழைக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் தண்ணீரைக் கண்டு யாரும் பிறவியிலேயே பயப்படுவதில்லை. கறுத்த உடம்பைக் கண்டு பயப்படவைக்க எந்த உழைப்பும் தேவையில்லை, சமூகம் அதைச் செய்து முடித்துவிட்டது. ஆக, சாதிப் புத்தி உள்ள பேய்ப் படம் அரசியலில் தவறு, தொழிலிலும் மட்டம். இரண்டும் வேறு வேறு குற்றச்சாட்டு அல்ல.

இதற்கு நேர் எதிராகச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். 1968இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ரொமேரோ 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' எடுத்தார். மிகச் சொற்பப் பணம், கறுப்பு வெள்ளை. ஒரு வீட்டுக்குள் சிலர், வெளியே நடக்கும் பிணங்கள். நாயகனாக டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகர். இரவு முழுக்கப் பிணங்களிடமிருந்து தப்பித்த அவரை, காலையில் துப்பாக்கியோடு வந்த வெள்ளைக்காரக் காவல் கூட்டம், அவரும் பிணம்தான் என்று சுட்டுத் தள்ளிவிடுகிறது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட அதே ஆண்டு. 2017இல் ஜோர்டன் பீல் எடுத்த 'கெட் அவுட்' படத்தில் பயமே வேறு திசையிலிருந்து வருகிறது: நல்லவர்களாகச் சிரித்துப் பேசும் வெள்ளைக்காரக் குடும்பத்திலிருந்து. அசல் திரைக்கதைக்கான ஆஸ்கர் அதற்குக் கிடைத்தது.

பக்கத்திலேயே பார்க்க வேண்டுமானால் கூடலூர் தாண்டிக் கேரளத்துக்குள் போங்கள். 2024இல் ராகுல் சதாசிவன் எடுத்த 'பிரமயுகம்'. கறுப்பு வெள்ளை, ஒரு பாழடைந்த மனை, அநேகமாக மூன்றே ஆட்கள். அடிமைத்தனத்திலிருந்து தப்பித்து ஓடிவரும் பாணர் ஒருவர் பசியோடு அந்த மனைக்குள் நுழைகிறார். மம்மூட்டி நடித்த போற்றி அவரைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. பாடச் சொல்கிறார், சோறு போடுகிறார், சமமாக உட்கார்ந்து பகடை ஆடக் கூப்பிடுகிறார். பந்தயம் பாணரின் காலம். அவர் தோற்கிறார். அதன்பின் வெளியே போக முடியாது, எத்தனை நாள் ஆயிற்று என்றும் தெரியாது. கொத்தடிமை முறையைப் பற்றி நான் படித்த ஆய்வுகள் பல உண்டு. அன்பாகக் கொடுத்த சோறு எப்படிக் கடனாக மாறுகிறது, கடன் எப்படி வாழ்நாளாக மாறுகிறது என்பதை இந்தப் பகடை ஆட்டம் போல என் உடம்பில் ஏற்றியது எதுவுமில்லை. அங்கே பயமும் உண்மையும் ஒரே இடத்தில் இருக்கின்றன. நம் பாட்டன்மாரை மலைத் தோட்டங்களுக்குக் கூட்டிவந்த கங்காணியும் முன்பணம் கொடுத்துத்தான் கூட்டிவந்தார்.

பட்டாவுக்கு வருகிறேன் என்று தோழருக்குச் சொல்லியிருந்தேன்.

சினிமாவுக்கு முன்பே நம்மிடம் பேய்க் கதை இருந்தது, அதற்கு வில்லுப்பாட்டு என்றும் கதைப்பாடல் என்றும் பெயர். காத்தவராயன், மதுரைவீரன், முத்துப்பட்டன்: சாதி மீறிக் காதலித்தவர்கள், கொல்லப்பட்டவர்கள், பிறகு தெய்வமாக நின்றவர்கள். பேராசிரியர் நா. வானமாமலை இவற்றில் பலவற்றைத் தேடிப் பதிப்பித்தார். கொலை செய்த ஊரே கொலையுண்டவருக்குப் பீடம் போட்டுப் படையல் வைக்கிறது. அது ஒருவகை ஒப்புதல் வாக்குமூலம். நீதிமன்றத்தில் கிடைக்காத வாக்குமூலம்.

தமிழ்ப் பேய்ப் படம் இந்தக் கதையின் பாதியை எடுத்துக்கொண்டது. ஜமீன் கொன்ற பெண் திரும்பி வருகிறாள், பழி வாங்குகிறாள், அம்மன் முன்னால் சாந்தமாகிறாள், போய்விடுகிறாள். பத்திரம் அரண்மனைக்காரர் பெயரிலேயே இருக்கிறது. பேரப்பிள்ளைகள் அந்த வீட்டில் குடியேறுகிறார்கள். பேய் ஓட்டுவது என்பது ஆக்கிரமிப்பை அகற்றுவது போலத்தான் நடக்கிறது, ஆக்கிரமித்தவர் யார் என்பதை மட்டும் மாற்றிச் சொல்கிறார்கள். இந்த வகையில் 2011இல் வந்த 'காஞ்சனா' கொஞ்சம் விலகி நின்றது. கொல்லப்பட்ட திருநங்கையும் அவருக்கு அடைக்கலம் கொடுத்த இஸ்லாமியரும் அவருடைய மகனும் புதைக்கப்பட்டது மருத்துவமனைக்காக வாங்கிய நிலத்தில். பேய் கேட்பது அந்த நிலத்தை. முதல் பாதியில் அந்த உடம்பை வைத்துச் செய்யும் கேலிகளை என்னால் பொறுக்க முடியவில்லை. ஆனாலும் பேயின் வழக்கு நிலவழக்கு என்று அந்தப் படத்துக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு செய்தியையும் சொல்லிவிட்டு நகர்கிறேன். 2006 முதல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு கொடுத்தார்கள். 2011இல் அதோடு யு சான்றிதழும் வேண்டும் என்றார்கள். ரத்தமும் அச்சமும் கூடினால் யு போய்விடும், சிரிப்புக் கூடினால் வரி மிச்சம். நம் பேய்கள் அத்தனையும் திடீரென்று நகைச்சுவைக் குழுவோடு வர ஆரம்பித்ததில் இதற்கும் பங்கு உண்டு என்பது என் ஊகம். தரத்தைக் கோட்டை அளந்த விதம் அது.

இப்போது கசப்பான பகுதி. நம் ஆட்கள் எடுக்கும் படங்கள்.

மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' 2018. அதைப் பேய்ப் படம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தண்டவாளத்தில் கட்டிக் கொல்லப்பட்ட கருப்பி நீல நிறத்தில் திரும்பி வருகிறாள். அந்தக் கிழவர் இருக்கிறாரே, சாதிக்காகக் கொலை செய்துவிட்டுக் கூலி வாங்காமல் அதைச் சாமிக் கடமையாக நினைப்பவர், நான் தமிழ்ப் படத்தில் பார்த்த மிகக் கொடிய அரக்கன் அவர்தான். ஒப்பனை கிடையாது, சைக்கிளில் வருகிறார். 2021இல் 'கர்ணன்'. பேருந்து நிற்காததால் சாலையிலேயே செத்த தங்கை, அம்மன் முகத்தோடு ஊருக்குள் நடமாடுகிறாள். அவள் பயமுறுத்துவதில்லை, பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அவளுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது, படம் அதை மீறவில்லை.

2024 ஆகஸ்ட் 15 அன்று பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' வந்தது. நிலத்தை இழந்த மக்கள் வெள்ளைக்காரத் துரையோடு தங்கம் தேடிப் போகும் கதை. வயலும் வரியும் பிடுங்கலும் வரும் முதல் பகுதி, நம் வரலாற்றை இவ்வளவு பெரிய திரையில் நான் பார்த்திராத விதம். தலை வெட்டப்பட்ட புத்தர் வரும் இடத்தில் பண்டிதரை நினைக்காமல் இருக்க முடியாது. ஆனால் ஆரத்தி யார்? கனவா, முன்னோரா, தெய்வமா, ரத்தமும் சதையுமான எதிரியா? இயக்குநருக்கு எப்போது எது தேவையோ அப்போது அதுவாகிறாள். சட்டம் இல்லை. அதனால் பிற்பகுதியில் எனக்கு ஆபத்து உறைக்கவில்லை, காட்சிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது, "நம்ம படத்தை நீங்களே இப்படிச் சொல்லலாமா?" என்றார்கள்.

சொல்ல வேண்டும் என்பதுதான் என் கருத்து. தரம் என்ற சொல்லை வைத்து நம்மை வெளியே நிறுத்தியிருக்கிறார்கள், உண்மை. தலித் எழுத்து வந்தபோது கோஷம் என்றார்கள், கொச்சை என்றார்கள், இலக்கியமில்லை என்றார்கள். அந்த அனுபவத்தால் தரம் என்றாலே நமக்கு எதிரியின் ஆயுதம் என்று தோன்றுகிறது. அதற்காக, நம் படம் என்பதால் கைதட்டுவது என்று முடிவெடுத்தால் என்ன ஆகும்? காலையில் அந்த இரண்டாவது குறும்படத்துக்கும் கைதட்டினோம். நம் பிள்ளைகள் எடுத்தது என்று தட்டினோம். அரங்கின் பின்வரிசையில் இருந்த சிலர் தட்டவில்லை. அவர்கள் சரிவிலிருந்து ஏறி வந்தவர்கள். நம்மிடம் முழக்கோல் இல்லாவிட்டால், அவர்களுக்கு நாம் என்ன பதில் சொல்வது?

ஆகவே மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். தேயிலைத் தோட்டம் என்றதும் கேமராவைத் துரை பங்களாவுக்குக் கொண்டுபோகாதீர்கள். மூடுபனி, பியானோ, வெள்ளைக்காரச் சீமாட்டியின் ஆவி, இவற்றை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். துரைமார் செத்தால் கல்லறையில் பெயரும் தேதியும் இருக்கின்றன. தோட்டம் திறந்தபோது காய்ச்சலில் செத்த கூலிகளுக்குக் கல் இல்லை. யாருக்குக் கல் இல்லையோ அவர்தானே திரும்பி வர வேண்டும்?

லைன் வீட்டுக்கு வாருங்கள். 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்களில் பல குடும்பங்கள் இந்த மாவட்டத்துக்கு வந்தன, அவர்களுக்கு வேலை தரத்தான் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. 2022இல் அந்தத் தோட்டக் கழக நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. வேலையில் இருக்கும்வரைதான் வீடு, ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, உங்கள் வீட்டுக்கே கடிதம் வந்திருக்கும்.

ஒரு கதை சொல்கிறேன், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நாற்பது ஆண்டு கொழுந்து பறித்த பாட்டி ஒருவர், வீட்டைக் காலி செய்ய வேண்டிய நாளுக்கு முந்தின இரவு இறந்துபோகிறார். மறுநாள் அந்த வீட்டுக்குப் புதுக் குடும்பம் வருகிறது. அவர்களும் நம்மைப் போன்றவர்கள்தான், அவர்களுக்கும் போக்கிடம் இல்லை. பாட்டி போகவில்லை. அடுப்படியில் இருக்கிறார்.

பாட்டி யாரைப் பயமுறுத்துவார்? புதுக் குடும்பத்தையா, கடிதம் கொடுத்தவரையா? அவரால் லைனை விட்டு எவ்வளவு தூரம் போக முடியும்? தோட்ட அலுவலகம் வரைக்கும் போக முடியுமா, பேரேட்டைத் தொட முடியுமா? இவற்றை முதலில் ஒரு தாளில் எழுதிவிட்டு, பிறகு கைபேசியை எடுங்கள். அடுத்த ஆண்டு அதைத் திரையிடும்போது நான் பின்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன்.